ஆளுக்கொரு பவளத்துண்டு

துவாரகாவில் எங்கள் குடியிருப்பின் லிப்ட் அடிக்கடி பாதியில் நின்றுவிடும். ஒருமுறை நானும் என் மனைவி வித்யாவும் அதே குடியிருப்பில் இருந்த மேடத்தோடு உள்ளே மாட்டிக்கொண்டோம். விளக்கும் அணைந்துவிட்டது. பராமரிப்பு ஆட்களை நாலு வார்த்தை திட்டலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எம்மேலதான் தப்பு தம்பி. அவசரத்துல பட்டன ரெண்டு தடவ அமுக்கிட்டேன்லா, அதான்."

பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் லிப்ட் நிற்காது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. குற்றவாளி தானாகவே வந்து முன்னால் நின்றுவிட்டால் அப்புறம் யாரைத் திட்டுவது? கதவு திறந்ததும் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். லிப்டைச் சரிசெய்யச் சொல்லி அன்று யாரும் புகார் எழுதவில்லை.

அவர் ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். சொந்த ஊர் தூத்துக்குடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுவதைப் போன்ற பெரிய கைக்கடிகாரம், நடக்கும்போது லேசாக இழுத்துக்கொள்கிற இடது முழங்கால். குடியிருப்பில் இருந்த ஐந்து தமிழ்க் குடும்பங்களும் அவரை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவோம். ஹிந்தி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. காய்கறிக்காரரிடம் ஹிந்தியில் பேரம் பேசிவிட்டு, அதே மூச்சில் எங்கள் பக்கம் திரும்பி, "என்ன, ஆபீஸ்லேர்ந்து இப்பந்தான் வாரியளா?" என்பார். டெல்லி அவருடைய தமிழில் கைவைக்கவே இல்லை.

நானும் அதே அமைச்சகக் கட்டடத்தில், இன்னொரு பிரிவில் அவருக்கு ஒரு படி கீழே வேலை பார்த்தேன். அவர் பிரிவுக்கு மாற்றல் கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். காரணம் அவருடைய இந்தக் குணம்தான். ஒரு கோப்பு தாமதமானால், "எம் மேசையில கெடந்துட்டு சார்" என்பார். உண்மையில் அது பியூனின் சைக்கிள் கூடையில் கிடந்திருக்கும். ஒருமுறை மேலதிகாரி ஒருவர் கோப்பைத் தன் காரிலேயே மறந்துவிட்டு, இங்கே வந்து குதித்தார். மேடம் எழுந்து நின்று, "ஞாபகப்படுத்தாம விட்டது நாந்தான் சார்" என்றார். அந்த அதிகாரிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனால் 'இல்லை, என் தவறு' என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஆசை இருக்காது என்று நினைக்கக் கூடாது. ஓய்வு பெறுவதற்குள் அண்டர் செக்ரட்டரி ஆகிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதை ஒளித்து வைத்துக்கொள்ளவும் மாட்டார். "எம்பேரு போட்ட போர்டு மாட்டி, கதவு வச்ச ஒரு ரூம்ல ஒருநாளாவது உக்காந்துட்டு வீட்டுக்குப் போவணும் தம்பி. ஆயுசு பூரா ஹால்லயே இருந்துட்டேன்" என்பார். அவருடைய முறை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் பதவி உயர்வுக்குப் பெயர் போகும்போது விஜிலன்ஸ் சான்று வேண்டும். அதாவது, அந்த ஆள்மேல் எந்த வழக்கும் விசாரணையும் கிடையாது என்கிற தாள். ஒரு கறை இருந்தால் போதும், பதவி உயர்வை நிறுத்தி வைத்து, பெயரை உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவார்கள். உறையை எப்போது பிரிப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. டெல்லியில் அரசாங்க வேலை பார்க்கிற தமிழர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும்விட இந்தப் பயம்தான் அதிகம்.

நவம்பர் மாதப் புகையில் எதிர்வரிசைக் கட்டடம் காணாமல் போயிருந்த ஒரு காலையில், எங்கள் மாடியில் இருந்த சீனிவாசன் அவரை வம்புக்கு இழுத்தார். சீனிவாசன் கணக்குத் துறை அதிகாரி. வாய் சும்மா இருக்காது.

"என்ன மேடம், இந்தப் புகையும் உங்க வேலைதானா?"

"ஆமா" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "வாசல்ல மெட்ரோ நிக்கி. நான் முழங்கால் வலின்னு சொல்லிக் கார்ல போறேன். எம்மேலதான தப்பு?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவரவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அவரோடு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போவது தனி அனுபவம். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் மீன் பக்கம் போவோம். மீன் வாங்குவதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஒருநாள் கடைக்காரர் பச்சையும் நீலமுமாக, கிளிமூக்கு வைத்த மீன் ஒன்றை எடுத்துக் காட்டினார். விலை மலிவு. நான் பையை விரித்தேன். மேடம் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேண்டாம். இது கிளி மீனு. பவளப்பாறை மேல படியுத பாசிய மேஞ்சு சுத்தம் பண்ணுதது இதுதான். இதப் பிடிச்சுட்டா பாசி மூடி பாறை செத்துப் போவும்."

"நாம ஒண்ணு வாங்கலேன்னா மட்டும் என்ன ஆயிடப்போகுது மேடம்?"

"போன மாசம் நான் ஒண்ணு வாங்குனேன். பாக்க அழகா இருந்துச்சுன்னு ஆசப்பட்டு வாங்கிட்டேன். அதனாலதான் இவரு இன்னைக்குப் பெட்டி நெறைய எறக்கிருக்காரு."

ஒரு பெண் வாங்கிய ஒரு மீனுக்காக ஒரு பெட்டி மீன் டெல்லிக்கு வந்துவிட்டது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்து வித்யாவிடம் சொல்லிச் சிரித்தேன். மறுவாரம் அவர் இல்லாமல் நான் மட்டும் போனபோது அதே மீனை வாங்கி வந்தேன். ருசி சுமார்தான்.

அவருக்கு ஏன் இப்படி ஒரு வியாதி என்று வித்யாதான் ஒருநாள் நேரடியாகக் கேட்டாள். ஜனவரி வெயில். குடியிருப்புப் பூங்காவில் பாய் விரித்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். வேறு யாராவது கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்கள். அவர் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டுவிட்டுச் சாவதானமாகச் சொன்னார்.

"எங்க அப்பாவுக்கு ரெண்டு வள்ளம் இருந்துச்சு. மீனுக்குப் போகல. பவளம் ஒடைக்கப் போனாவ. தண்ணிக்குள்ள முங்கி, கடப்பாறையால நெம்பி, கட்டி கட்டியா பேத்து வள்ளத்துல ஏத்துவாவ. கரையில சுண்ணாம்புக் காளவாசல் வச்சிருந்தவங்க வாங்கிக்கிடுவாங்க. வீடு கட்டவும் அதான். எங்க வீட்டுச் செவுத்துல பூ வேலை செஞ்ச மாதிரி வட்டம் வட்டமா தெரியும். அத்தனையும் பவளம். சாய்ஞ்சா முதுகு கீறும்."

"அப்போ அது தப்புன்னு யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள் வித்யா.

"கல்லுன்னுதான் நெனச்சோம். உயிருள்ளதுன்னு யாரு நெனச்சா? ஈரமா வள்ளத்துல வந்து எறங்கயில பழுப்பும் பச்சையுமா இருக்கும். சாயங்காலத்துக்குள்ள ஒரு நாத்தம் வரும் பாத்துக்கிடுங்க. கல்லு எங்கயாவது நாறுமா? நாங்க யோசிச்சிருக்கணும். அந்தக் கல்லு வித்துத்தான் நான் ஸ்கூலுக்குப் போனேன், காலேஜுக்குப் போனேன், பரீட்சை எழுதி டெல்லிக்கு வந்தேன். எங்க கரைக்கு எதுக்க ஒரு தீவு இருந்துச்சு. சின்ன வயசுல அதுல எறங்கி வெளையாடிருக்கேன். சுத்தி இருந்த பார ஒடைச்சு எடுத்தாச்சுல்லா, அலைய மறிக்க ஒண்ணும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு இப்பம் அது தண்ணிக்குள்ள கெடக்கு. மீனும் போச்சு. குஞ்சு மீனு ஒதுங்குததே அங்கதான."

கடலுக்குள் கிடக்கிற பவளத்திட்டை அவர்கள் ஊரில் 'பார்' என்பார்களாம். அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது வீட்டு ஆள் ஒருவரின் பெயரைச் சொல்வதைப் போல இருந்தது.

"அப்பா பண்ணினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்? நீங்க குழந்தை" என்றேன் நான்.

"தின்னது நான்லா" என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த கடலையை உரித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. குற்ற உணர்ச்சி உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சுலபமான காரியம் இல்லை. நாம் உரித்துத் தின்கிற கடலைக்கும் கணக்குக் கேட்பார்களோ என்று தோன்றிவிடும்.

அடுத்த ஆண்டு எல்.டி.சி. எடுத்துக்கொண்டு அந்தமான் போவது என்று ஐந்து குடும்பங்களும் முடிவு செய்தோம். அரசாங்கச் செலவில் குடும்பத்தோடு விமானத்தில் போய்வரக் கிடைக்கும் சலுகை அது. டெல்லியில் இருக்கும் தமிழ் ஊழியர்களில் பாதிப் பேர் கடலைப் பார்ப்பதே அந்தச் சலுகையில்தான். டிக்கெட், விடுதி, படகு, விண்ணப்பம் எல்லாவற்றையும் மேடம் தலையில் கட்டினோம். அவரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். வழக்கம்போல ஒரு பொதுப் பை தயாரானது. முறுக்கு, தட்டை, பருப்புப்பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு மின்சாரக் குக்கர். தமிழர்கள் கூட்டமாகப் போனால் இந்தச் சமையல் பை இல்லாமல் போவதில்லை. யாருடைய பையும் இல்லை, எல்லாருடைய பையும்தான். ஆனால் விமானத்தில் ஏற்ற ஒரு பெயர் வேண்டுமே. மேடத்தின் பெயரைக் கட்டினோம்.

சீனிவாசனின் மனைவி பத்மாவுக்குக் கிளம்பும்போதே ஒரு திட்டம் இருந்தது. குடியிருப்புப் பொதுக்கூடத்தில் வருஷா வருஷம் அவள்தான் கொலு வைப்பாள். கீழே தரையில் பூங்கா, மலை, கிராமம் என்று ஏதாவது ஒரு காட்சி இருக்கும். "இந்த வருஷம் கடல் வெக்கப்போறேன். நீலக் காகிதம் வாங்கியாச்சு. நிஜ சங்கு, நிஜ பவளம் நாலு கெடச்சா ஜோரா இருக்கும்" என்று விமானத்திலேயே எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிட்டாள். மேடம் மூன்று வரிசை முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் எங்களை ஏற்றினார்கள். குனிந்து பார்த்தால் கீழே பாறை தெரியும். நான் படங்களில் பார்த்திருந்த நிறங்களை எதிர்பார்த்துக் குனிந்தேன். சில இடங்களில் பச்சையும் ஊதாவும் இருந்தன. மீன்கள் கும்பலாக நுழைந்து வெளியே வந்தன. வித்யா சின்னப் பெண்ணைப் போலக் கத்தினாள். பிறகு படகு கொஞ்சம் நகர்ந்தது. அங்கே எல்லாம் வெள்ளையாக இருந்தது. எனக்கு அதுவும் அழகாகத்தான் பட்டது. பனி விழுந்த தோட்டம் என்று நினைத்தேன்.

"பானி கரம் ஹோ கயா தா" என்றார் படகோட்டி. தண்ணீர் சூடாகிவிட்டதாம்.

மேடம் தலையை நிமிர்த்தவே இல்லை. கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். "அதுக்குள்ள குடியிருக்குத பாசிதான் அதுக்குச் சோறு போடும். நெறமும் அதுதான் குடுக்கும். தண்ணி சுட்டுச்சுன்னா அது பாசிய வெளிய தள்ளிரும். அப்பறம் பட்டினியா கெடக்கும். இப்பம் நீங்க பாக்குதது பட்டினி" என்றார்.

"திரும்ப வராதா?" என்று வித்யா கேட்டாள்.

"சூடு சீக்கிரம் எறங்குனா வரும். ஒருதரம் தேறி எந்திரிக்கதுக்குள்ள அடுத்த சூடு வந்துட்டா எப்பிடி வரும்?"

படகில் பேச்சு நின்றுவிட்டது. சீனிவாசனால் அதைத் தாங்க முடியவில்லை. "இதுவும் உங்க தப்புதானா மேடம்?" என்றார். மேடம் 'ஆமா' என்பார், நாங்கள் சிரிப்போம், எல்லாம் சரியாகிவிடும். அதைத்தான் எதிர்பார்த்தோம். அவர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு, "மொத்தமும் என்னால முடியுமா சீனிவாசன்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை கடற்கரையில் இறங்கினோம். மணலில் வெள்ளைத் துண்டுகள் இறைந்து கிடந்தன. விரல் மாதிரி, மூளை மாதிரி, தேன்கூடு மாதிரி. பத்மா ஒன்றை எடுத்துப் புடவையில் துடைத்தாள். மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

"போடு பத்மா. எடுக்கப்படாது. சட்டமும் விடாது."

"செத்துக் கரை ஒதுங்கினதுதானே மேடம்? நாம ஒண்ணும் ஒடைக்கலையே."

"செத்த பொறவும் அதுக்கு வேலை இருக்கு. பொடிஞ்சு இந்த மணலு ஆவுதது அதுதான். கடலுக்குள்ள கெடந்தா, பவளக் குஞ்சு வந்து அதுமேலதான் ஒட்டும். மண்ணுல ஒட்டாது, பிடிமானம் வேணும். நீ எடுத்துட்டுப் போயிட்டா அது எங்க போயி ஒக்காரும்?"

பத்மா கீழே போட்டாள். நாங்களும் தலையாட்டினோம். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பெட்டிகளை எக்ஸ்ரே பெல்ட்டில் ஏற்றினோம். தின்று தீர்த்த சமையல் பை, வந்தபோது இருந்ததைவிடக் கனத்தது. அதைத் தூக்கி வைத்தவன் நான்தான். கனம் என் கைக்குத் தெரிந்தது. ரசப்பொடி டப்பாவில் வித்யாவும் நானும் போட்டு வைத்திருந்த கட்டைவிரல் அளவுத் துண்டுக்கு அத்தனை கனம் கிடையாது. அப்படியானால் வேறு யாரோவும் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். பெல்ட் பையை இழுத்துக்கொண்டு உள்ளே போனது.

காக்கி அணிந்த ஒரு பெண் அதிகாரி பையை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். முறுக்கு டின்னைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றிய பவளம். தட்டை டின்னில் இரண்டு. குக்கருக்குள் துண்டில் பொதிந்து, தேங்காய் அளவுக்கு ஒன்று. புளிக்காய்ச்சல் பாட்டிலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பைக்குள் நொறுங்கியவை. ரசப்பொடி டப்பாவில் எங்களுடையது. ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். ஐந்து குடும்பமும் ஒருவருக்கொருவர் தெரியாமல், 'ஒன்றுதானே, சின்னதுதானே, பொதுப் பைதானே' என்று ஒரே யோசனையைச் செய்திருக்கிறோம். மேஜையில் சின்னப் பாறை ஒன்று எழுந்துவிட்டது.

"யே கிஸ்கா பேக் ஹை?" என்றார் அதிகாரி. இது யாருடைய பையாம்.

பையின் சீட்டில் மேடத்தின் பெயர் இருந்தது.

அந்த அதிகாரி நல்ல மாதிரி. கோபப்படவில்லை. நிதானமாக ஹிந்தியில் விளக்கினார். தினமும் யாராவது ஒன்றிரண்டு கொண்டுவருவது வழக்கம்தான், அவரவர் தன்னுடையது எது என்று சொல்லி ஒப்படைத்து, எழுதிக் கொடுத்துவிட்டால் எச்சரித்து அனுப்பிவிடுவோம் என்றார். இத்தனையும் ஒரே ஆளுடையது என்றால் அப்படி விட முடியாது, வழக்காகத்தான் எழுத வேண்டும், வேலை பார்க்கிற அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்றார்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் ஒரு அடி முன்னால் வந்து, ஒரு துண்டைத் தொட்டுக் காட்டினால் போதும்.

நாங்கள் மேடத்தைப் பார்த்தோம். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எல்லோரும் ஒரே சமயத்தில், பழக்க தோஷத்தில் அவரைப் பார்த்தோம். அந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தோம். 'எம்மேலதான் தப்பு.'

அவர் சொல்லவில்லை. மேஜையருகே போய், குக்கரிலிருந்து எடுத்த பெரிய துண்டைப் பார்த்தார். தொடவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். குரல் உயரவில்லை.

"எங்க அப்பா எடுத்ததுல எனக்குப் பங்கு உண்டு. அத ஒருநாளும் நான் இல்லன்னு சொன்னதில்ல. இது என் பங்கு இல்ல. உங்க உங்க பங்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும். எடுத்துக் குடுத்துருங்க."

சீனிவாசன் கைபேசியைப் பார்த்தார். பத்மா பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு நகர்ந்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வித்யா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். போ என்று பிடித்தாளா, போகாதே என்று பிடித்தாளா என்று நான் அவளை இன்றுவரை கேட்கவில்லை. சீனிவாசன் முதலில் போகட்டும், பின்னாலேயே நான் போய்விடுகிறேன் என்று நினைத்தேன். குக்கர் துண்டு அவருடையதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரியது வைத்தவன் நிற்கும்போது கட்டைவிரல் அளவு வைத்தவன் ஏன் முந்த வேண்டும்? அவரும் என்னைப் பற்றி இதையேதான் நினைத்திருப்பார். எனக்கும் விஜிலன்ஸ் இருக்கிறது, எனக்கும் பதவி உயர்வு வர வேண்டும். மனம் எத்தனை வேகமாக வக்கீலாகிவிடுகிறது!

மேடம் கடைசிவரை காத்திருந்தார். எங்கள் விமானத்துக்கு அழைப்பு வந்தது. அதிகாரி பேனாவை எடுத்து, சீட்டில் இருந்த பெயரைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். மேடம் தடுக்கவில்லை. ஒரே ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னார். 'பை என் பெயரில் உள்ளது, உள்ளே இருப்பவை என்னுடையவை அல்ல.' அந்த அதிகாரி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அந்த வரியையும் எழுதினார். மேடம் கையெழுத்துப் போட்டார்.

விமானத்தில் எனக்கு அவர் பக்கத்து இருக்கை. ஏதாவது பேசுவார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஜன்னல் வழியாகக் கடல் மறையும்வரை பார்த்துவிட்டு, சாப்பாடு வந்ததும் முழுவதையும் சாப்பிட்டார். தயிரை மட்டும் என் தட்டில் வைத்தார். "எனக்குச் சேராது, நீங்க சாப்பிடுங்க" என்றார். நான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு குடியிருப்பில் எது பழுதானாலும் அவர் சும்மா இருந்தார். தண்ணீர்த் தொட்டி வழிந்தபோது, யார் மோட்டாரை அணைக்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் சண்டை நடந்தது. ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமும் எங்களுக்குள் சண்டை வராமல் இருந்தது எப்படி என்று அப்போதுதான் தெரிந்தது.

பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. அவருக்குக் கீழே இருந்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அவர் பெயர் இல்லை. அந்தமானிலிருந்து வந்த தாள் இன்னும் விசாரணையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து குடும்பத்தின் சார்பாகவும் ஒரு கிலோ காஜு கத்லி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். டெல்லியில் நல்லதற்கும் கெட்டதற்கும் இனிப்பு டப்பாதான். கதவைத் திறந்தவர், "வாங்க, வாங்க, எல்லாரும் சேந்து வந்திருக்கிய" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். காப்பி போட்டுக்கொண்டு வந்தார். எங்களில் வாய் உள்ளவர் சீனிவாசன்தானே. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மேடம், அன்னிக்கு நடந்தது... எங்க மேலதான் தப்பு. எங்க எல்லார் மேலயும். மன்னிச்சிடுங்க."

பத்மா அழுதாள். வித்யாவும் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. சொல்லிவிட்டோம் என்கிற ஆறுதல்கூட லேசாக வரத் தொடங்கியிருந்தது.

அவர் எங்களைப் பார்த்தார். கோபமாக இல்லை. நிஜமாகவே புரியாதவரைப் போல.

"என்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?" என்றார். "நான் என்ன பவளமா?"

அவர் காப்பித் தம்ளர்களை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"விசாரணை இன்னும் முடியல. யாரு எத எடுத்தியன்னு எழுதிக் குடுக்கதுன்னா அங்க குடுக்கலாம். நேரம் இருக்கு. இல்லன்னா காப்பி ஆறுது, குடிங்க."

நாங்கள் காப்பியைக் குடித்தோம்.

அவர் செக்ஷன் ஆபீசராகவே ஓய்வு பெற்று, வீட்டை விற்றுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். விசாரணை எப்படி முடிந்தது என்று நான் விசாரிக்கவில்லை. இவ்வளவு எழுதியும் அவர் பெயரை எங்கேயும் சொல்லவில்லை என்பதை வாசிக்கிறவர்கள் கவனித்திருப்பார்கள். எங்கள் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை அவருடைய பெயரை எழுத விட்டுவிட்டு நின்றோம். என்னால் அதை இன்னொருமுறை எழுத முடியவில்லை.